சுருங்கிய மூளையும் பூட்டிய அடுப்பும்

எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடு, ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனி. சண்டை போட்டுப் பிரிவதல்ல. அவரவர் சமையல், அவரவர் பாடு. என்னை வேறு வைத்த நாளிலிருந்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் என் அடுப்படிக்கு எதிரே என் மாமியாரின் அடுப்படி. அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் போன பிறகும், எண்பது தாண்டியும், அயித்தை தானே பொங்கித்தான் சாப்பிட்டார். என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார். நெற்றி வீங்கிவிட்டது. பயந்துபோய்க் காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கசிவு இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மற்றதை நரம்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவர் மதுரையிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருவார் என்றார்கள். பொறுத்திருக்கலாம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு இங்கிலீஷ் தெரியும், அதுதான் வினையாகிவிட்டது.

என் கணவர் ரிப்போர்ட்டைப் படமெடுத்துச் சென்னையில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் கட்டடம் கட்டுகிறவர். ஒவ்வொரு சொல்லாகப் போனில் தேடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆத்தாவுக்கு மூளை சுருங்கிருச்சுடா. கேஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டாகன்னா வீடே போயிரும்."

பெற்ற தாயைவிட வீட்டைப் பற்றிய கவலைதான் முந்திக்கொண்டு வந்தது. சுருக்கம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'வயதுக்கு ஏற்றபடி' என்று போட்டிருந்தது. அதை இரண்டு பேரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

"டாக்டர் வரட்டுமே" என்றேன். "ஒனக்கு என்ன தெரியும்" என்றார் கணவர். அன்று மாலையே சிலிண்டரைக் கழற்றி, அடுப்பைத் தூக்கிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். அயித்தை கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நான் என்னத்தை மறந்தேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லப்பா."

மகன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவர் எதிரிலேயே, "ஆள் அடையாளம் தெரியுதா?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அயித்தை தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் வந்தபோது படத்தைவிட அயித்தையைத்தான் அதிக நேரம் பார்த்தார். நாள், மாதம் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். சில சொற்களைச் சொல்லிக்கொடுத்து, பேச்சை மாற்றிவிட்டு, மறுபடி கேட்டார். அயித்தை ஒன்றையும் விடவில்லை. பிறகு படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார்.

"இந்த வயசுல மூளை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். சின்ன ரத்தக் குழாய்கள்ல தேய்மானமும் இருக்கும். அதை மட்டும் வச்சு மறதி நோய்னு சொல்ல முடியாது. இவங்களுக்கு எழுந்து நின்னா பிரஷர் இறங்குது. அதான் விழுந்திருக்காங்க."

பிரஷர் மாத்திரையைக் குறைத்தார். சமைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். "தாராளமா. எழுந்திருக்கும்போது மட்டும் நிதானம் வேணும்" என்றார்.

கணவரின் அண்ணனிடம் போனில் சொன்னதற்கு, "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே" என்று வைத்துவிட்டார். அவருக்கு அத்தோடு முடிந்தது. என் கணவர் அடுப்பைக் கொண்டுவந்து மாட்டினார். மாட்டியவர் சும்மா போயிருக்கலாம். "இங்குட்டுத் திருகணும் ஆத்தா, அங்குட்டுத் திருகினா நிக்கும்" என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்காட்டினார். எனக்குச் சமையல் கற்றுக்கொடுத்ததே அயித்தையின் கைதான்.

மறுநாள் மதியம் எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்றவைத்த சுவடே இல்லை.

"பொங்கலையா அயித்தை? ஏன் இப்பிடிச் சும்மா உக்காந்திருக்கீக?"

"நீயே கொஞ்சம் குடுத்துரு தாயி."

"டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே!"

"டாக்டரு சொல்லிட்டாரு," என்றார் அயித்தை. "எம் மகன் சொல்லலையே."