வாடகை போக மற்றவை

வீட்டுத் தரகனின் தொழில் கதவைத் திறந்து காட்டுவது; கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் செலவுகளைத் திறந்து காட்ட எந்த உரிமையாளரும் சாவி தருவதில்லை. வாடகை வீட்டில் வாழ்ந்து நொந்த அன்பர்களே, பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூர்ப் பகுதியில் பல ஆண்டுகளாக இத்தொழில் செய்துவரும் நான், அண்மையில் ஒரே குடும்பத்துக்கு வீடு தேடிப் பட்ட பாட்டைக் கீழே தருகிறேன். படித்துவிட்டு நீங்களும் என்னோடு சேர்ந்து கோபப்படலாம்.

அந்தோணி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி மேரி, துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். இருவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரில் தனியே இருந்த அந்தோணியின் தந்தை வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படியேற இயலாதவராகிவிட்டார். பார்த்துக்கொண்ட உறவினரும் இந்த மாதத்துக்குமேல் தம்மால் ஆகாது என்று கைவிரித்துவிட்டார். இவர்கள் குடியிருந்ததோ இரண்டாம் மாடி. ஆகவே மாதம் முடிவதற்குள் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும்; இல்லையேல் அப்பெரியவருக்குப் போக்கிடமில்லை.

தலைக்கு ஒரு தண்ணீர்

முதல் வீட்டுக்காரர் குழாயைத் திருகிக் காட்டி, எந்நேரமும் தண்ணீர் உண்டு என்றார். வந்தது உப்புத் தண்ணீர். குடிநீரைப் பற்றி நான் கேட்ட பிறகுதான், அது வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் பகலில் வரும் என்பதும், பிடிக்க ஆளில்லாவிட்டால் கேன் வாங்க வேண்டியதுதான் என்பதும் வெளிவந்தன. வேலைக்குப் போகும் இருவரில் ஒருவர் வாரந்தோறும் அரைநாள் கூலியைக் குடத்தில் ஊற்ற வேண்டும்.

அதோடு முடிந்ததா? மோட்டார் ஓட்டும் செலவு வாடகையில் சேராதாம். தலைக்கு இவ்வளவு என்று தனியாம். படுக்கையிலிருக்கும் முதியவரையும் தலைக்கணக்கில் சேர்ப்பது முறையா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆளு ஒண்ணு கூடுனா தண்ணியும் கூடுமுங்க. படுத்திருக்கறாருன்னா குளிக்காமயா இருப்பாரு?"

அடிக்காத வர்ணம்

அடுத்த வீட்டில், காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வர்ணம் பூசுவதற்காக முன்பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். இது ஊர் வழக்கமாகிவிட்டது, ஒப்பாதவர்க்கு வீடில்லை. ஆனால் இதே வீட்டில் முன்பு இருந்தவர்களிடமும் அத்தொகை பிடிக்கப்பட்டதை நான் உடனிருந்து பார்த்தவன். சுவரிலோ அவர்கள் குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. சமையலறையில் அவர்கள் தாளித்த கறையும் இருந்தது.

அந்தோணி அக்கோடுகளைச் சுட்டிக்காட்டி, வர்ணம் பூசியபின் குடிவரலாமா என்று பணிவாகத்தான் கேட்டார். உரிமையாளருக்கு அது அடாத கேள்வியாகப் பட்டது. "அந்தப் பணம் போனவீங்க அழுக்குப் பண்ணுனதுக்குங்க தம்பி. பெயிண்ட் அடிக்கறமுன்னு யாருங்க சொன்னது?"

ஞாயிற்றுக்கிழமை அமைதி

மற்றொருவர் தம் வீட்டை ஞாயிறன்று மட்டுமே காட்ட இயலும் என்றார். தரைத்தளம், நல்ல காற்றோட்டம், அகன்ற வாசல். எனக்கே பிடித்துவிட்டது. மேரி மட்டும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இறக்கைகளில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. மாடியில் என்ன என்று விசாரித்தபோது, பனியன் துணி பின்னும் நிட்டிங் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுவதாகவும், ஞாயிறு மட்டும் ஓய்வு என்றும் உரிமையாளர் சொன்னார்.

இடுப்பெலும்பு முறிந்த மனிதர் அந்த அதிர்வின்கீழ் எப்படிக் கண்ணயர்வார் என்று கேட்டேன். போகப்போகப் பழகிவிடும் என்றார். அப்படியானால் நீங்கள் ஏன் இங்கே குடியிருக்கவில்லை என்று நானும் விடவில்லை. "நாங்க சேவூர்ல ஊடு கட்டிப் போயிட்டமுங்க. எங்கப்பனுக்குச் சத்தம் ஒத்துக்கறதில்லீங்க."

குறைந்த வாடகை

அதன்பின் கிடைத்த வீட்டில் குடிநீருக்குக் குறைவில்லை, சுவரும் புதிது, வாடகையோ நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வீட்டுக்கார அம்மாள் காப்பி கொடுத்தார். மேரியை அம்மிணி என்றழைத்தார். பெரியவருக்கு வாசலில் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். அந்தோணியின் கை முன்பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. அப்போதுதான் அந்த அம்மாள், வீட்டின் பின்புறம் தாங்கள் சிறிய தையல் யூனிட் நடத்துவதையும், ஷிப்மென்ட் நெருக்கும் நாட்களில் குடியிருப்போர் வந்து தைத்துக் கொடுப்பதே வழக்கம் என்பதையும் சொன்னார். மேரி தம் கம்பெனிக்கு லீவு போட வேண்டும். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டோ வெளியில் கிடைப்பதில் பாதி. நம்ம வீட்டு வேலைக்கு யாராவது கணக்குப் பார்ப்பார்களா என்று ஒரு சிரிப்பு வேறு.

மாதம் முடியப் போகிறது. வேறு வழியில்லை என்பதுபோல் அந்தோணி மனைவியைப் பார்த்தார். மேரி காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நாம வீடு பாக்க வந்தோம், அண்ணாச்சி. இவுக ஆளுல்லா பாக்காக."

சாவி கைக்கு வந்த அன்று

கடைசியில் ஒரு சந்துக்குள் வீடு அமைந்தது. தரைத்தளம்தான், ஆனால் பேருந்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். நடப்பது கண்ணுக்குத் தெரிந்த செலவு என்று மேரி ஒப்புக்கொண்டார். வேறு ஏதேனும் உண்டா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் உரிமையாளர் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம். முன்பணம் கைமாறியது, சாவி வந்தது.

பிறகு என் தரகைக் கேட்டேன். ஊரில் எல்லாத் தரகர்களும் வாங்கும் ஒரு மாத வாடகைதான். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கையில் எஞ்சியிருந்தது, பெரியவரைப் படுக்கவைத்துக் காரில் அழைத்துவர வைத்திருந்த பணம். தரகனுக்குத் தரகு உண்டென்பது ஊரறிந்த செய்தியல்லவா என்றேன். மேரி குரலை உயர்த்தவில்லை. "எல்லார்ட்டயும் நோண்டி நோண்டிக் கேட்டீகளே அண்ணாச்சி, ஒங்க கமிஷன ஒரு நாளாவது சொன்னீகளா?"

பெரியவர் காரில் வந்து, படியேறாமல் வீட்டுக்குள் சேர்ந்த பிறகு, அடுத்த சம்பளத்தில்தான் தரகை வாங்கிக்கொண்டேன் என்றாலும், இதையெல்லாம் வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா என்ற என் கோபம் மட்டும், நான் மேலே திட்டித் தீர்த்த உரிமையாளர்களின் கோபத்தைப் போலவே, இன்றுவரை தணியவில்லை.