ஜப்பானியர் கடைச் சட்டித்துண்டு

தைப்பூசம் கழிந்த மறு திங்கட்கிழமை, மாலை ஐந்தே கால். குறிப்பேட்டில் நேரம்வரை எழுதி வைத்திருக்கிறேன். 1920களின் பிற்பகுதி அது. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா.

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் பீங்கான் கடை வைத்திருந்த ஜப்பானியர், மேசைக் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு சட்டித்துண்டை வைத்திருப்பார். ஜப்பானில் அவருடைய அப்பா கிணறு வெட்டியபோது கிடைத்ததாம். குயவர் சக்கரம் அந்நாட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு, மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, திறந்த நெருப்பில் சுட்டது. அதன் மேலெல்லாம் நெல்மணிகளை வரிசை வைத்தாற்போல் சாய்ந்த தடங்கள். கயிற்றின் தடம் என்று நூலகத்தில் படித்திருந்தேன். எப்படிப் பதித்தார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை.

விலைக்குக் கேட்டேன்.

"விக்க மாட்டேன், கிராணி. இதே மாதிரி செஞ்சு காட்டு, சும்மாவே எடுத்துக்க லா!" என்று கடைத்தெரு மலாயில் சொல்லிச் சிரித்தார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சூளைக் களிமண்ணில் தேங்காய்நார்க் கயிறு, சணல், நூல் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வோர் அழுத்தலும் முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு விழுந்தது. அவருடைய துண்டிலோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் விளிம்பே இல்லை.

ஆறாம் ஞாயிறு என் மனைவி பொறுமை இழந்தாள்.

"ஆபீஸ்ல நாளெல்லாம் முத்திரை குத்துற கை, வீட்டுலயும் குத்துது. தள்ளுங்க!"

முறுக்கிய சணலை ஈரமண்மேல் வைத்து, விளக்குத்திரி உருட்டுவதுபோல் உள்ளங்கையால் உருட்டினாள். நெல்மணிகள் விழுந்தன, விளிம்பில்லாமல். சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்.

"அதுக்கென்ன?" என்று சணலைப் பிரித்து மாற்றி முறுக்கினாள். சாய்வும் சரியாயிற்று.

வெயிலில் நன்றாகக் காயவைத்து, இரவில் கொல்லையில் தென்னை மட்டை எரித்துச் சுட்டோம். முதல் துண்டு வெடித்தது, இரண்டாவது நின்றது.

மறுநாள்தான் நான் குறித்து வைத்த அந்தத் திங்கட்கிழமை. ஜப்பானியர் கண்ணை மூடிக்கொண்டு தன் துண்டையும் எங்கள் துண்டையும் கட்டைவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"நீயா செஞ்சே?"

"என் சம்சாரம்."

"அப்ப இது அவங்களுக்கு," என்று பழைய துண்டை என் கையில் வைத்தார். எங்கள் துண்டைக் காகிதங்கள்மேல் வைத்துக்கொண்டார்.

பொட்டலம் கட்டித் தருகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். சூலியா தெரு நெடுக எல்லாரும் பார்க்க, திறந்த உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே வீடு வந்தேன். வாசலிலேயே அவள் கை நீட்டினாள்.

"கொடுங்க. உங்க கையில இருந்தா இதுக்கும் முத்திரை குத்திருவீங்க."