அண்ணாந்து குடித்த வைன்

தொண்ணூறுகளில் சிட்னியின் பரமட்டாவில் ஒரு வைன் கடையில், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்ற தவணையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்று விறைத்தவள் நான். திரும்ப அங்கே போகக்கூடாது என்பதே என் ஒரே பிரார்த்தனை. என் வீட்டுக்காரர் மதுவில் ஒரு சொட்டும் தொடாதவர். நாங்கள் இருந்த டூங்கபியில் தமிழ்ச்சனம் யார் கேட்டாலும், “கடையில வேலை” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம்.

தவணை முடியும் வாரத்து வெள்ளிக்கிழமை தென் பிரான்ஸ் சிவப்பு வைன் ஒன்றை முதலாளி திறந்தார். கிரனாஷ், சிரா, மூர்வேத்ர என்று மூன்று திராட்சைகளின் கலப்பு. சனிக்கிழமை அதை வாடிக்கையாளருக்கு விளக்கவேண்டியது நான். ஒரே கிளாஸ் நாலு பேரிடம் சுற்றி வந்தது. எச்சில் படக்கூடாதே என்று அண்ணாந்து வாய்க்குள் ஊற்றினேன். எப்படி என்று முதலாளி கேட்டார். புளிக்கிறது என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நாளைக்கும் இதுதான் பதில் என்றால் திங்கள் வரவேண்டாம் என்று மிச்சப் போத்தலைத் தந்துவிட்டார்.

அன்று மாலை குசினியில் கிளாஸில் ஊற்றி மறுபடி அண்ணாந்தேன். அதே புளிப்பு. பிரெஞ்சுக்காரருக்கு நாக்கே இல்லையோ என்று திட்டினேன். அப்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்:

“மிளகு வறுக்கிறீரோ?”

அடுப்பே மூட்டவில்லை. மேசையில் கிளாஸ்தான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவள் நான்தான். தலைக்கு மேலே தூக்கி ஊற்றினால் மூக்குக்கு என்ன கிடைக்கும்?

மூக்கைக் கிளாஸுக்குள் விட்டேன். மிளகு. பிறகு கராம்பு. சுழற்றினால் கனிந்த பிளம்ஸ், அதற்கும் அடியில் புதுச் செருப்பின் தோல் மணம். எது எந்தத் திராட்சையின் வேலை என்று அறிய ஆசை பிடித்துவிட்டது. உதடு பட உறிஞ்சினேன். புளிப்பு பின்னுக்குப் போய், ஊறிப்போன தேயிலைச் சாயத்தின் துவர்ப்பு நாக்கில் நின்றது. வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, குடிக்காமல் மணந்து மட்டும் பார்த்தார். பெருஞ்சீரகமும் இருக்கிறது என்றார். எனக்குப் பிடிபடவில்லை. நாலாம் முறை மணந்தபோதுதான் வந்தது.

சனிக்கிழமை வந்தவர்களிடம், முதலில் குடிக்காதீர்கள், மணந்து பாருங்கள் என்றேன். மிளகையும் தோலையும் முதலாளி தலையாட்டிக் கேட்டார். பெருஞ்சீரகம் என்றதும் கிளாஸை வாங்கித் தானே மணந்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு டூங்கபியில் ஒரு அன்ரி, எந்தக் கடையில் வேலை என்று கேட்டார். நான் வழக்கம்போல் சொல்லை விழுங்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“வைன் கடையில, அன்ரி. பெருஞ்சீரகத்தைக் கண்டுபிடிச்சது நான்.”