அண்ணன் மறந்த பாஸ்வேர்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் வண்டி துடைப்பான். வாளித் தண்ணீர், கிழிந்த பனியன், தேய்ந்துபோன பல் பிரஷ். நம்பர் பிளேட்டின் இடுக்குவரை பிரஷ் போகும். பெத்த பிள்ளையின் காதைக்கூட இந்த மனுஷன் இப்படிச் சுத்தம் செய்ததில்லை என்பாள் அண்ணி.

வாசலில் நின்று மறுபடியும் கேட்டாள் தங்கை வாயாடி. சின்ன வயதில் வீட்டார் வைத்த பேர் அது. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று திட்டு வாங்கிய அதே வாய்தான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது. புருஷனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்கிறாள்.

"நெட்டு பாஸ்வேர்டு ஞாபகம் வந்துச்சா அண்ணா?"

"வரலைம்மா. என்னைக்கோ போட்டது."

"அப்ப நெட்டுக்காரங்களுக்கு ஒரு போன் பண்ணு. கனெக்‌ஷன் உன் பேர்ல இருக்கு, எனக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"பாக்கலாம், என்ன அவசரம்? வேலை போனா போகுது. பேசாம மாப்பிள்ளையோட போய் இருக்கிற வழியப் பாரு."

பழைய ரவுட்டர் சூடேறிச் சூடேறி உயிரை விடுகிறது. தன் சம்பளத்தில் புதுசு வாங்கிவிட்டாள். ஆனால் இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் அது வெறும் டப்பா. மொபைல் நெட்டில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. நாளைக் காலை லைனில் இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

"பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும் பாரு. ஊசியால அமுக்கு, பழசே சரியாயிடும்," என்றான் அண்ணன்.

அமுக்கினால் அதற்குள் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அண்ணன் மறந்திருக்கலாம், ரவுட்டர் மறந்திருக்காது.

அறைக்கு வந்து, பழைய ரவுட்டர் சூடேறாதபடி மேஜை ஃபேனை அதற்கு நேரே திருப்பினாள். லேப்டாப்போடு ஒயரால் இணைத்து, அதன் அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்து ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்தாள். பயனர் பெயர் பளிச்சென்று இருந்தது. பாஸ்வேர்டுக்கு மட்டும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.

"யார்கிட்ட," என்று முனகிக்கொண்டு மொபைலில் வழி தேடினாள். பக்கத்தின் உள்வரிகளைத் திறந்து, மறைக்கச் சொல்லும் ஒரு சொல்லை மாற்றினால் போதுமாம். மாற்றினாள். புள்ளிகள் எழுத்தும் எண்ணுமாக விரிந்தன.

ஜன்னலுக்கு வெளியே, ஈரம் காயாத நம்பர் பிளேட்டில், அதே எழுத்து. அதே எண்.

திங்கள் காலை புது ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்செட்டை எடுத்தபோது அண்ணன் வந்து நின்றான்.

"பாஸ்வேர்டு யார் குடுத்தா?"

"வண்டிய நல்லாத் துடைச்சிருக்க அண்ணா. நம்பர் இங்கேர்ந்தே தெரியுது."

அண்ணன் ரவுட்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். இப்படியே எத்தனை நாளைக்கு இருந்துடுவே?"

லைனில் அழைப்பு வந்தது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"வணக்கம். சொல்லுங்க சார், மெஷின்ல தண்ணி நிக்க மாட்டேங்குதா?"

தண்ணீர் நிற்காத கதை நீண்டுகொண்டே போனது. அவள் "ம்... ம்..." என்றபடி எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.