யன்னலில் அம்மாவின் நெஞ்சு

தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குண்டசாலை வீட்டு முன் யன்னலுக்குக் கல் விழுந்தது. உடைந்த இடத்தை மூட அம்மா தன் பழைய எக்ஸ்ரே படத்தை வைத்து ஆணி அடித்தார். இளவயதில் காசநோய் வந்து சுகமானபோது எடுத்த நெஞ்சுப் படம் அது.

"கண்ணாடி போட்டா திரும்பவும் உடைப்பாங்க. இத உடைக்க ஏலாதுல்ல," என்றார்.

அப்பாவும் தலையாட்டினார். அதன்பிறகு காலை வெளிச்சம் அம்மாவின் விலா எலும்புகளால்தான் வீட்டுக்குள் வந்தது.

கலவரம் போய் யுத்தம் வந்தது. அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்டியில் புதுப் படம் எடுத்தோம். எடுத்த இடத்தில் அதை வாசிக்க டாக்டர் இல்லை. இருந்தவர் கலவரத்தோடு நாட்டைவிட்டே போய்விட்டார். படங்களை உறையில் போட்டு வேனில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் ஆளைப் பார்க்காமலே படத்தைப் பார்த்து எழுதி அனுப்புவார். எங்காவது குண்டு வெடித்தால் வேன் ஓடாது. அந்த வாரம் எங்கள் ஊரில் யாருக்கும் என்ன நோயென்று தெரியாது.

அம்மாவின் பதில் ஒருவழியாக வந்தது. வலது நுரையீரலில் ஒரு நிழல். பழைய தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். பழைய படம் ஏதும் இருந்தால் அனுப்புங்கள், அதிலும் இது இருந்தால் பயமில்லை.

எல்லோரும் யன்னலைப் பார்த்தோம்.

ஆணிகளைப் பிடுங்கினேன். மழையிலும் வெயிலிலும் படம் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் தோள் எலும்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல் எறிந்தவனுக்கு முகம் கூட இல்லை, யாரை ஏசுவது? அப்படியே உறையில் போட்டு அனுப்பினோம். எதையும் வாசிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது.

அம்மாவுக்கு இதயமும் பலவீனம், வெறும் சந்தேகத்துக்காக நெஞ்சைத் திறக்க மாட்டேன் என்றார் அவரைப் பார்த்துவந்த கண்டி டாக்டர். சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்து, நிழல் வளர்ந்திருக்கிறதா என்று இதோடு ஒப்பிடலாமாம்.

வீட்டுக்கு வந்தபோது திறந்த யன்னலால் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா புதுப் படத்தை உறையிலிருந்து உருவிச் சுத்தியலைத் தேடினார்.

"அம்மா, அடுத்த தடவ பார்க்க இதுதானே வேணும்!"

"அடுத்த தடவன்னு ஒன்னு இருந்தாத்தானே," என்று முதல் ஆணியை அடித்தார்.

இருக்கவில்லை. டாக்டர்கள் நிழல் என்று சொன்னாலும் படத்தில் அது வெள்ளையாகத்தான் இருக்கும். அம்மாவை எடுத்துப்போன பிறகு, காலையில் அந்த வெள்ளை இடத்தால்தான் வெளிச்சம் கூடுதலாக வந்தது.