அழவைத்த படமும் கோபப்படுத்திய புத்தகமும்

மல்லிகைப்பூவும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாடை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருவில் அந்த ஒரு வீட்டிலிருந்துதான் வரும். இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது வந்திருந்த ஒரே டி.வி. அங்கேதான் இருந்தது. எண்பதுகளின் நடுவில், பஞ்சாலை ஷிப்ட் முடிந்து வந்த பெண்களும் சிறுபிள்ளைகளான நாங்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்போம்.

அப்படி ஒரு ஞாயிறன்று என் அக்காவும் வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா, கன்னத்தில் வீக்கத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அத்தான் அடிப்பார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "கோவக்காரரு" என்பார்கள். அன்றைய படத்தில் கணவன் செய்த கொடுமையையெல்லாம் ஒரு பெண் பொறுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் மனம் திருந்தி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அறை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறுத்தவளுக்குத்தாண்டி குடும்பம்" என்று பொதுவாகச் சொன்னாள். அக்கா அழவில்லை. மறுநாள் காலையில் தானே பையை எடுத்துவைத்து, "நான் போறேம்மா" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். படத்தில் வந்தது நிஜத்திலும் நடக்கப்போகிறது என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

சில வாரம் கழித்து அம்மா போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். பால்கோவாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கா" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து, அட்டைப்படம் பிடித்துப்போய், ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்து வந்தேன். என் வயதுக்கு மீறிய புத்தகம்; ஊர்ப்பெயர்கள் நாக்கில் புரளவில்லை, பாதி வாக்கியங்களை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒருத்தி, அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போனாள். அவன் எப்போது திருந்துவான் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தேன். அவன் திருந்தவே இல்லை. ஒருநாள் காலை அவள் அடுப்பு மூட்டுகிறாள், அத்தோடு கதை நின்றுபோனது. கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நூலகரிடம் கொண்டுபோய் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கிழியலம்மா. கதையே அம்புட்டுத்தான்" என்றார்.

கோபம் தாங்காமல் வீட்டுக்கு வந்து, மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் முழுக் கதையையும் கொட்டினேன். அப்பா மில்லில் ஃபிட்டர். படமும் பார்க்கமாட்டார், புத்தகமும் தொடமாட்டார். பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு அப்பன் ஆத்தா இல்லையா?"

"இருக்காக. அவிய யாரும் வந்து பாக்கவே இல்லப்பா."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் மில்லுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டையை மாட்டினார். "எங்க கெளம்பிட்டீக?" என்று அம்மா கேட்டதற்கு, "எம்பிள்ளையக் கூட்டியாரப் போறேன்" என்றார். சாயங்காலம் அவர் பின்னால் அக்கா வந்தாள். இடது கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தாள்.

அம்மா வெகுநாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் "வாழாவெட்டி" என்ற சொல் எங்கள் வாசல்வரை வந்து போனது. கை எலும்பு கூடியதும் அக்கா பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். பிறகு ஒருநாளும் அந்த ஊர் பஸ்ஸில் ஏறவில்லை.

இன்று அப்பா இல்லை. டி.வி. வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். பேர்கூட நினைவில்லாத அந்தப் புத்தகத்தை நூலகத்தில் தேடினேன்; நைந்துபோனவற்றையெல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்களாம். போன வருஷம் அக்காவிடம் கேட்டேன்: "அன்னைக்கு அப்பா வராம இருந்திருந்தா என்னக்கா செஞ்சிருப்ப?"

அக்கா யோசிக்கக்கூட இல்லை. "அங்கனயேதான் இருந்திருப்பேன்" என்றாள்.