பெட்டி மூடும் முன் ஓர் ஆபராப் பாட்டு

இந்த வலைப்பூவில் இத்தாலிய ஆபராக்களை, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘சித்தப்பா சொன்னார்’ என்று வரும். அந்தச் சித்தப்பா போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். சிறுநீரகம். மறுநாள் அவருடைய அடக்கத்துக்குப் போய்வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா இத்தாலியில் ஒரு முதிய தம்பதியின் வீட்டில் எட்டு வருடம் சமையல் வேலை பார்த்தவர். ஊர் திரும்பித் திராட்சை போட்டார். ஞாயிறுதோறும் போனில் இருவரும் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவோம். காதலன் கைவிட்ட ஒரு பெண் விஷம் குடிக்கும் முன் பாடும் பாட்டு அது. மொத்தம் ஐந்து நிமிடம் பத்து வினாடி. எனக்கு முதல் வரியிலிருந்து வேண்டும். அவள் கதை தெரியாமல் எப்படி அழுவது? அவருக்குக் கடைசி ஒரு நிமிடம் போதும். “கதையெல்லாம் எதுக்கு ஆத்தா, அவ சாகுற இடத்துக்குப் போ” என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோது, “பெட்டிய மூடுறதுக்கு முன்னால அந்த இடத்தப் போட்டுரு. கேட்டுட்டுப் போறேன்” என்றார்.

அப்பா முந்தின நாளே சித்தப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். நானும் அம்மாவும் அல்லிநகரத்திலிருந்து நடந்து, தேனியில் காலை 6.20 கம்பம் பஸ்ஸைப் பிடித்தோம். உத்தமபாளையம் 28 கிலோமீட்டர், ஆளுக்கு 28 ரூபாய். என் மடியில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்த நடத்துநர், “என்ன பாப்பா, கச்சேரிக்கா?” என்றார். “துட்டி வீட்டுக்கு” என்றேன். பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. உத்தமபாளையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். வழியெல்லாம் திராட்சைப் பந்தல், மருந்து வாடை.

ஊர்ச் சர்ச்சில் செபம், பாட்டு விஷயமெல்லாம் உபதேசியார் பொறுப்பு. சித்தப்பா வீட்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி பாட்டுத்தானே பாப்பா?”

“அவர் கேட்டுக்கிட்ட பாட்டு.”

“என்ன பாஷை?”

“இத்தாலி.”

“அப்பச் சரி. ரோமாபுரிப் பாட்டு” என்று வழிவிட்டார். நான் மறுக்கவில்லை.

மணி 11.05. பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தேன். எந்த இடத்திலிருந்து போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் வரியிலிருந்தே போட்டேன். ஒரு தடவையாவது அவர் முழுதாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

வயதானவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலிட்டார்கள். “சின்னப்பிள்ளையில லத்தீன் பூசைக்கு இப்படித்தான் பாடுவாக. ஒரு எழவும் புரியாது, அழுகை மட்டும் வரும்” என்று ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சித்தி கைகூப்பியிருந்தார்.

நாலு நிமிடம் முடிந்ததும் இசை நிற்கும். அவள் விஷத்தைப் பார்க்கும் நேரம் அது. ஏழு வினாடி சத்தமே இருக்காது. செபம் முடிந்ததென்று எல்லோரும் “ஆமென்” என்றார்கள். உபதேசியார் கையைக் காட்ட, நாலு பேர் மூடியைத் தூக்கி வைத்தார்கள். “இன்னும் முடியல” என்று நான் சொன்னது ஆணி அடிக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சித்தப்பா கேட்ட இடம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெட்டி வாசலைத் தாண்டியபோதும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போக நேர்ந்தால்: அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காது, பாட்டைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு முழு சார்ஜ் போடுங்கள். ஆறரைக்குள் தேனியை விட்டுக் கிளம்புங்கள். போனவர் எந்த இடத்திலிருந்து கேட்டாரோ, அங்கிருந்தே போடுங்கள்.